நாளே நிலமாகும் நகரம்: பம்பாயின் மாதுங்கா – தாராவிக் குடியிருப்புகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பம்பாயில் மத்திய இருப்புப்பாதையின் கிழக்கே மாதுங்காவும் மேற்கே தாராவியும் அமைந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விரு பகுதிகளிலும் தமிழர் பெருமளவில் குடியேறினர். ஒரே மொழி பேசுவோர், ஏறத்தாழ ஒரே காலத்தில், நடந்து சென்றடையும் தொலைவில் அமைத்த இவ்விரு குடியிருப்புகளின் நில உரிமை வரலாறு முற்றிலும் வேறுபட்டது. 1898ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், குடிசைப்பகுதிச் சட்டங்கள் ஆகியவற்றின் வழியே இவ்வேறுபாடு உருவான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலத்தின் மீதான உரிமையைக் காட்டிலும், ஒருவர் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பதற்கான சான்றே இந்நகரில் சொத்தாக மாறியுள்ளது என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பம்பாய், மாதுங்கா, தாராவி, மேம்பாட்டு டிரஸ்ட், வாடகைக் கட்டுப்பாடு, பகடி, குடிசைப்பகுதி மறுவாழ்வு, சாதியும் குடியிருப்பும்

முன்னுரை

பம்பாய்த் தமிழர் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு தனித்தனி வழிகளில் செல்கின்றன. மாதுங்காவைப் பற்றி எழுதுவோர் சபாக்களையும் பஜனை மண்டலிகளையும் உணவகங்களையும் பள்ளிகளையும் பேசுவர். தாராவியைப் பற்றி எழுதுவோர் தோல் தொழிலையும் நெரிசலையும் மறுவளர்ச்சித் திட்டங்களையும் பேசுவர். முன்னது பண்பாட்டு வரலாறாகவும் பின்னது வறுமை ஆய்வாகவும் நூலகத்தில் வெவ்வேறு அடுக்குகளில் வைக்கப்படுகின்றன. நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ என்னும் நூல் தாதர் – மாதுங்காப் பகுதியில் அடுக்ககக் குடியிருப்பு தோன்றிய வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளது. கல்பனா சர்மாவின் ‘ரீடிஸ்கவரிங் தாராவி’ (2000) தாராவியின் சமூகங்களை அவர்களுடைய சொற்களிலேயே பதிவு செய்தது. இவ்விரு பகுதிகளையும் ஒரே நில அரசியலின் இரு விளைவுகளாக வைத்துப் படிக்கும்போது தனித்தனியே படிக்கையில் புலப்படாத சில செய்திகள் புலப்படுகின்றன.

கொள்ளைநோயும் மேம்பாட்டு டிரஸ்டும்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. மருத்துவர் அகாசியோ வியேகாஸ் அதனை முதலில் அடையாளம் கண்டார். அடுத்து வந்த மாதங்களில் நகரை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். 1891இல் ஏறத்தாழ 8.2 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1901 கணக்கெடுப்பில் 7.76 இலட்சமாகக் குறைந்தது. அக்காலத்து மருத்துவச் சிந்தனை, நோயை நெரிசலான வீடுகளோடும் காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளோடும் இணைத்துப் பார்த்தது. எலியையும் தெள்ளுப்பூச்சியையும் பற்றிய அறிவு உறுதிப்படுவதற்கு முன்பே, வீட்டை இடிப்பதுதான் மருந்து என்னும் முடிவுக்கு அரசு வந்துவிட்டது.

இதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து அகலமான தெருக்களை அமைத்தல், புறநகர் நிலங்களைக் கையகப்படுத்தி மனைகளாக்குதல், இடம்பெயர்ந்த ஏழைகளுக்குக் குடியிருப்புகள் கட்டுதல் ஆகியன அதன் பணிகள். இவற்றுள் முதலாவது விரைவாகவும் மூன்றாவது மிக மெதுவாகவும் நடந்தன. நாக்பாடாவிலும் பிரின்சஸ் தெருவிலும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையிலும் வீடுகள் இடிக்கப்பட்டன. வீடிழந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த தெருவின் நெரிசலைக் கூட்டினர். பிரசாந்த் கிடாம்பி முதலிய வரலாற்றாசிரியர்கள் இம்முரணைச் சுட்டிக்காட்டியுள்ளனர்.

1910களில் டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஆர், வெளிச்சத்தை ஒரு கணக்காகவே மாற்றினார். கட்டடத்தின் உயரத்திற்கும் அதன் எதிரே விடப்படும் திறந்த வெளிக்கும் இடையிலான கோணம் 63½ பாகைக்கு மிகக்கூடாது என்பது அவர் வலியுறுத்திய விதி. ஏழையின் அறைக்குள் வானம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது பாகைக் கணக்கில் பேசப்பட்ட காலம் அது. அந்த அறையின் வாடகையை அவ்வேழையால் கொடுக்க இயலுமா என்பதற்கு அத்தகைய துல்லியமான விதி எதுவும் வகுக்கப்படவில்லை.

நெல்வயல் மனையானது

டிரஸ்டின் ஐந்தாம், ஆறாம் திட்டங்கள் தாதர் – மாதுங்கா, சயான் – மாதுங்கா ஆகிய வடபகுதிகளைச் சார்ந்தவை. அப்போது அவை நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் உப்பளங்களும் சிற்றூர்களுமாக இருந்தன. அந்நிலங்கள் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டன. பயிரிட்டவர்களும் தோப்புக்காரர்களும் இழப்பீடு பெற்று விலகினர். அவர்களுடைய பெயர்கள் பின்னாளைய குடியிருப்பு வரலாறுகளில் மிக அரிதாகவே இடம்பெறுகின்றன.

டிரஸ்ட் நிலத்தை விற்கவில்லை. நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. இது இங்குக் கவனிக்கத்தக்கது. குத்தகை ஆவணத்தில் எத்தனை தளங்கள் கட்டலாம், எவ்வளவு திறந்தவெளி விட வேண்டும் என்னும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. எழுதப்பட்ட நிபந்தனைகளோடு சமூகம் சார்ந்த ஒதுக்கீடும் நடந்தது. டிரஸ்டில் பொறியாளராகப் பணியாற்றிய மஞ்சேர்ஜி ஜோஷியின் முயற்சியால் தாதரில் பார்சிகளுக்கெனத் தனிப்பகுதி உருவானது. அதனை அடுத்து இந்து காலனி எழுந்தது. முன்னதாகவே, 1915இல், காம்தேவியில் சாரஸ்வதர்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். இந்தியாவில் கூட்டுறவு முறையில் அமைந்த முதல் வீட்டுவசதிச் சங்கமாக அது குறிப்பிடப்படுகிறது. சாதியின் உறவுவலை, பங்குப்பத்திரம் என்னும் புதிய தாளில் ஏறியது. நகரம் சாதியைக் கரைக்கும் என்ற எதிர்பார்ப்பு எழுந்த அதே ஆண்டுகளில், சாதியைச் சட்டப்பூர்வமான மனைப்பிரிவாக மாற்றும் கருவிகளும் உருவாகிவிட்டன.

இவ்விடத்தில் அம்பேத்கரின் இரு வீடுகளை நினைவுகூர்வது பொருந்தும். 1917இல் பரோடாவில் பணியேற்கச் சென்றபோது தங்குவதற்கு இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் சாதியை மறைத்துத் தங்கி, பின்னர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். பம்பாயில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்தது பரேலில் டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் இரு சிறு அறைகளில். 1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ என்னும் இல்லத்தைத் தம் நூல்களுக்கும் சேர்த்தே கட்டினார். ஏழைக்கான அறையும் நடுத்தர வகுப்பினருக்கான மனையும் ஒரே டிரஸ்டின் படைப்புகள். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்த ஒருவரின் வாழ்க்கை அத்தொலைவு எத்தகையது என்பதற்குச் சான்றாகிறது. இந்து காலனி என்னும் பெயர் கொண்ட இடத்தில் அவ்வீடு எழுந்தது என்பதும் எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

மாதுங்காவின் வாடகைதாரர்

முதல் உலகப் போருக்குப் பின்னரே மாதுங்கா மனைகளில் கட்டடங்கள் விரைவாக எழுந்தன. கான்கிரீட்டின் வரவு ஒரு காரணம். 1925இல் விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால் புறநகரில் குடியிருந்து கோட்டைப் பகுதியில் பணிபுரிவது எளிதானது. நகரின் மக்கள்தொகையும் 1921இல் 11.75 இலட்சத்தைக் கடந்து, 1941இல் 15 இலட்சத்தை நெருங்கியது.

தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்கள் எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணிபுரிந்தனர். இவர்களுள் மிகப் பலர் மாதுங்காவில் வாடகைதாரர்களே. மனைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டடம் எழுப்பியவர்களில் குஜராத்திகளும் கச்சிகளும் மிகுதி. ‘சால்’ எனப்படும் வரிசை அறைகளில் கழிப்பிடமும் நீர்க்குழாயும் பொதுவானவை. மாதுங்காவின் அடுக்ககங்களிலோ சமையலறையும் குளியலறையும் கழிப்பிடமும் வீட்டுக்குள்ளேயே அமைந்தன. கழிப்பிடம் வீட்டினுள் இருப்பது ஆசாரத்திற்கு ஒவ்வுமா என்னும் தயக்கம் தொடக்கத்தில் இருந்ததையும், பொதுக்கழிப்பிடத்தில் பிற சாதியாரோடு கலக்க நேர்வதைக் காட்டிலும் அதுவே மேல் என்னும் எண்ணம் பின்னர் வலுப்பெற்றதையும் ராவின் ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. தீட்டு குறித்த அச்சம் தனிக்கழிப்பிடம் கொண்ட நவீன வீட்டை விரைவுபடுத்தியது என்பது, நவீனம் வந்தால் சாதி தானே விலகும் என்னும் பொதுநம்பிக்கைக்கு நேர் எதிரான செய்தி.

1932இல் தொடங்கப்பட்ட சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, மாதுங்காவின் பஜனை சமாஜங்கள், 1963இல் எழுந்த சண்முகானந்தா அரங்கம் ஆகியவற்றால் இப்பகுதி தென்னிந்தியரின் அடையாளமானது. இந்நிறுவனங்களின் பெயர்களில் ‘தமிழ்’ என்னும் சொல்லைவிடத் ‘தென்னிந்திய’ என்னும் சொல்லே மிகுதியும் ஆளப்பட்டது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு பேசும் மேல்சாதியினரை ஒன்றிணைக்க இச்சொல் உதவியது. இருப்புப்பாதையின் மறுபுறத்தில் தமிழே பேசிய ஆயிரக்கணக்கானோர் அச்சொல்லுக்குள் வரவில்லை. மொழியால் அண்மையரானவர்கள் குடியிருப்பால் சேய்மையராயினர்.

பாதையின் மேற்குப்புறம்

தாராவி தொன்மையில் மாகிம் கழிமுகத்தை ஒட்டிய கோலி மீனவர்களின் ஊர். நகரம் வடக்கே நகர நகர, துர்நாற்றம் வீசுவனவும் புகையெழுப்புவனவுமாகிய தொழில்கள் தீவின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டன. பாந்திராவின் இறைச்சிக்கூடத்திற்கு அண்மையில் இருந்தமையால் தோல் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வேரூன்றியது. தமிழ் முஸ்லிம்கள் தோல் வணிகத்தில் முன்னின்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள் பதனிடும் கொட்டகைகளில் உழைத்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். நாடார்களும் பிறரும் தொடர்ந்து வந்தனர். துப்புரவுப் பணியாளர் முதலியோர் வாழ்ந்த மாதுங்கா லேபர் கேம்ப், பெயரில் மாதுங்காவையும் வாழ்வில் தாராவியையும் சார்ந்து நின்றது.

மாதுங்காவில் நிலம் முதலில் மனையாகிப் பின்னர் வீடு எழுந்தது. தாராவியில் நிலமே முதலில் உருவாக்கப்பட வேண்டியிருந்தது. சதுப்பில் மண்ணும் குப்பையும் கல்லும் கொட்டி மேடாக்கியவர்கள் அங்குக் குடியேறியவர்களே. டிரஸ்ட் பொதுப்பணத்தில் கிழக்குப்புறம் செய்த வேலையை மேற்குப்புறத்தில் மக்கள் தம் உழைப்பால் செய்தனர். முன்னதன் செலவு குத்தகைக் கணக்கில் பதிவாயிற்று. பின்னதற்குக் கணக்கேடு இல்லை. தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குரியது. ‘காலி நில வாடகை’ என்னும் முறையில் மாநகராட்சி அங்குப் பலரிடம் வாடகை வசூலித்தது. குடிசைகள் நிரம்பிய இடத்திற்குக் காலி நிலம் என்று பெயரிட்டு வாடகை பெறுவதில் நிர்வாகத்திற்கு ஒரு வசதி இருந்தது: வருவாய் கிடைக்கும், குடியிருப்பவருக்கு வீட்டுரிமை பிறக்காது.

1940 செப்டம்பர் 1

போர்க்கால வாடகை உயர்வைத் தடுக்க 1918இலேயே பம்பாயில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் நகரின் முகத்தை மாற்றியது 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீட்டிற்கு என்ன வாடகையோ அதுவே நிலைவாடகை எனக் கொள்ளப்பட்டது. வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற இயலாது. உரிமை வாரிசுகளுக்கும் சென்றது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட இச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு நூற்றாண்டின் இறுதிவரை நடைமுறையில் இருந்தது.

மாதுங்காவின் எழுத்தர் குடும்பம் இதனால் ஏறத்தாழ உரிமையாளருக்குரிய நிலைபேற்றைப் பெற்றது. வாடகை உறைந்திருக்க, சந்தை மதிப்பு ஏறியது. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ‘பகடி’ என்னும் முன்பணமாக, இரசீதின்றிக் கைமாறியது. வெளியேறும் வாடகைதாரரும் கட்டட உரிமையாளரும் அதனைப் பங்கிட்டுக்கொண்டனர். சட்டம் தடுத்த பகடியை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகை உயர்வையும் அனுமதித்தது. அதற்குள் உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டதால் தீவு நகரின் பழைய கட்டடங்கள் பல நலிந்துவிட்டன. பழுதுபார்க்கும் பொறுப்பை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு வாரியம் ஒன்று ஏற்க வேண்டியதாயிற்று.

வாடகைக் கட்டுப்பாடு ஏழைகளைக் காத்தது என்று ஒரு சாராரும், வீட்டுச் சந்தையைச் சிதைத்தது என்று பொருளியலார் பலரும் வாதிடுவர். இரு தரப்பினரும் வாடகைச் சீட்டு வைத்திருந்தவரைப் பற்றியே பேசுகின்றனர். புதிய வாடகை வீடுகள் கட்டப்படுவது குறைந்தபோது, சீட்டு இல்லாமல் நகருக்கு வந்தவர் சென்று சேர்ந்த இடங்களுள் தாராவியும் ஒன்று. கிழக்குப்புறத்தில் ஒரு குடும்பத்தை நிலைநிறுத்திய அதே சட்டம் மேற்குப்புறத்தில் நெரிசல் கூடவும் ஒரு காரணமாக இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

1960களின் அரசியல் இவ்விரு பகுதிகளையும் எதிர்பாராத வகையில் ஒன்றாக்கியது. 1966இல் சிவசேனை தோன்றியது. அதற்கு முன்பே ‘மார்மிக்’ இதழ் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர்களின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டு வந்தது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. ‘மதராசி’ என்னும் வசைச்சொல் மாதுங்காவின் கணக்கரையும் தாராவியின் தோல் தொழிலாளியையும் வேறுபடுத்தவில்லை. தென்னிந்தியர் என்னும் பெயரால் அமைக்கப்பட்டிருந்த எல்லைக்கோடு, புறத்தே இருந்து பார்ப்பவருக்குப் புலப்படவே இல்லை.

நாளும் சான்றும்

1971இல் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு, குடும்பத்தினரின் நிழற்படத்துடன் கூடிய ‘போட்டோ பாஸ்’ வழங்கப்பட்டது. தாராவிக் குடும்பமொன்று அரசிடமிருந்து பெற்ற முதன்மையான குடியிருப்புச் சான்று பெரும்பாலும் இதுவே. அது நிலப்பட்டா அன்று. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட குடிசையில் இவர்கள் இருந்தனர் என்பதை மட்டுமே அது கூறியது. ஆயினும் அதன் மதிப்பு ஆண்டுதோறும் ஏறியது.

1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் ஏறத்தாழ 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அதைக் கொண்டு கட்டப்பட்ட அடுக்ககங்களுக்குக் குடியிருப்பாளர்களும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 1995இல் வந்த குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டம் கணக்கை மாற்றியது. தகுதியுடைய குடும்பத்திற்கு 225 சதுர அடி வீடு இலவசம். கட்டுநருக்கு அதே நிலத்திலோ வேறிடத்திலோ கூடுதல் தளப்பரப்பைக் கட்டி விற்கும் உரிமை. தகுதிக்கான எல்லைநாள் 1995 சனவரி 1. அது பின்னர் 2000 சனவரி 1க்கு நகர்த்தப்பட்டது. ஒவ்வொரு தேர்தலையொட்டியும் எல்லைநாள் முன்னகரும் என்னும் எதிர்பார்ப்பு நகரின் அரசியல் வழக்கமாகவே ஆனது.

இவ்விடத்தில் 1940 செப்டம்பர் 1ஐயும் 2000 சனவரி 1ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே நிலத்தை விலைகொடுத்து வாங்காத ஒருவருக்கு, அவர் ஒரு காலத்தில் ஓரிடத்தில் இருந்தமையால் உரிமை வழங்குகின்றன. ஆனால் மாதுங்கா வாடகைதாரரின் உரிமை வாடகைச் சீட்டு, மின்கட்டண இரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றால் இயல்பாகவே மெய்ப்பிக்கப்பட்டது. அவற்றைத் திரட்டுவது அவருடைய அலுவலகப் பழக்கத்தின் ஒரு பகுதி. தாராவியின் குடியிருப்பாளர் வெள்ளத்திலும் தீயிலும் இடிப்பிலும் தப்பிய தாள்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் தம் இருப்பை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களின் சமூக எல்லையோ வேறுவகையில் நிலைபெற்றது. பார்சிகள் அல்லாதாரை உறுப்பினராக்க மறுத்த அகமதாபாத் சங்கமொன்றின் வழக்கில், அத்தகைய துணைவிதி செல்லும் என 2005இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைகள் சமூகவாரியாக ஒதுக்கப்பட்ட காலத்தின் நடைமுறை, சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமை என்னும் மொழியில் மறுபிறப்பு எடுத்தது. பம்பாயில் வீடு தேடும் முஸ்லிம்களும் தலித்துகளும் அசைவ உணவினரும் எதிர்கொள்ளும் மறுப்புகள் பெரும்பாலும் தாளில் எழுதப்படாதவை. எனவே அவற்றை வழக்காக்குவது கடினம்.

மேல்தளத்தில் இருப்பவர்

தாராவியில் தரைத்தளத்தின் மேல் ‘மாலா’ எனப்படும் மாடியறை இருப்பது வழக்கம். ஏணியால் ஏறும் அவ்வறைகளில் வாடகைக்கு இருப்போர் மிகப் பலர். தைப்பவர்கள், தோற்பை செய்வோர், ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள், பிள்ளைகள் மணம் முடித்துப் பிரிந்த குடும்பங்கள் என அங்கு வாழ்வோர் பலவகையினர். 2004 முதல் பலமுறை அறிவிக்கப்பட்டும் தள்ளிப்போடப்பட்டும் வந்த மறுவளர்ச்சித் திட்டத்திற்கான ஏலம் 2022இல் அதானி குழுமத்திற்குச் சென்றது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு வழங்கப்படும் என 2024இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோதான் வீடு.

மாதுங்காவில் மூன்றாம் தளத்து வாடகைதாரரின் உரிமை தரைத்தளத்தில் இருந்தவரின் உரிமையினின்று ஒருபோதும் வேறுபட்டதில்லை. டிரஸ்ட் வகுத்த வரைபடத்தில் எல்லாத் தளங்களும் இருந்தன. வாடகைச் சட்டமும் தளத்தை எண்ணவில்லை. தாராவியின் மாலா எந்த வரைபடத்திலும் இல்லாமல், கீழ்வீட்டாரின் அனுமதியால் எழுந்தது. அங்கு இருந்தவர் கொடுத்த வாடகை கீழ்வீட்டாரின் கைக்குச் சென்றது, சீட்டு எழுதப்படவில்லை. கணக்கெடுப்பாளர்கள் குறுகிய சந்துகளில் வீடுகளுக்கு எண்ணிட்டபோது, கீழ்வீட்டார் தம் தகுதிக்குக் குறைவு வந்துவிடுமோ என்று அஞ்சும் சூழலில், ஏணிக்கு மேலே இருப்பவர் தம் இருப்பைச் சொல்ல முதலில் கீழ்வீட்டாரின் ஒப்புதலையே நாட வேண்டியிருந்தது.